பண்பாட்டு வெற்றியும் மதிப்பெண்ணும்: சிவிலைசேஷன் வரிசை பற்றிய ஓர் ஆய்வு

சிவிலைசேஷன் கணினி விளையாட்டு வரிசையில் பண்பாட்டு வெற்றி முதன்முதலாக இடம்பெற்றது 2001-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில். 1991-இல் வந்த முதல் பாகத்திலும் 1996-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் வெல்வதற்கு இருந்த வழிகள் இரண்டுதான்: எதிரிகள் அனைவரையும் அழிப்பது, இல்லையேல் ஆல்ஃபா சென்டாரிக்கு விண்கலம் அனுப்புவது. கோயிலும் நூலகமும் கட்டியே ஆட்டத்தை முடிக்கலாம் என்ற ஏற்பாட்டை ஃபிராக்ஸிஸ் நிறுவனம் மூன்றாம் பாகத்தில் கொண்டுவந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரருக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று புதியவர்கள் எளிதில் நினைத்துவிடுகிறார்கள். மூன்றாம் பாகத்தின் மதிப்பெண் கணக்கிலோ பண்பாட்டுப் புள்ளிகளுக்கு நேரடி இடம் கிடையாது. உயர்ந்த மதிப்பெண்ணோடு பண்பாட்டு வெற்றி பெறுவது தனிக் கலையாக வளர்ந்ததற்குக் காரணம் இந்த முரண்தான்.

மூன்றாம் பாகத்தில் பண்பாட்டு வெற்றிக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒரே நகரம் 20,000 பண்பாட்டுப் புள்ளிகளை எட்டினால் வெற்றி. அல்லது பேரரசு முழுவதும் சேர்ந்து 1,00,000 புள்ளிகளை எட்டினாலும் வெற்றி. ஆனால் அப்போது வேறெந்த நாட்டின் புள்ளியும் இதில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டடமும் சுற்றுக்கு இத்தனை என்று புள்ளி தரும். கோயில் 2, நூலகம் 3, பேராலயம் 3, பல்கலைக்கழகம் 4. உலக அதிசயங்கள் கூடுதலாகத் தரும்: பிரமிடுகள் 4, ஷேக்ஸ்பியர் அரங்கம் 8. ஒரு கட்டடம் ஆட்டத்தின் நாட்காட்டிப்படி ஆயிரம் ஆண்டுகள் நின்றுவிட்டால் அதன் புள்ளி இரட்டிப்பாகும். பண்பாட்டு ஆட்டத்தின் மொத்தச் சூட்சுமமும் இந்தக் கடைசி விதியில் அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

ஆட்டம் கி.மு. 4000-இல் தொடங்கி கி.பி. 2050-இல் முடிகிறது. இடையில் 540 சுற்றுகள். ஆனால் சுற்றுகளின் நீளம் ஒரே அளவில் இல்லை. முதல் 25 சுற்றுகளில் ஒவ்வொன்றும் 50 ஆண்டுகள், அடுத்த 25 சுற்றுகளில் 40 ஆண்டுகள், பிறகு கி.மு. 750 வரை 25 ஆண்டுகள், கி.பி. 250 வரை 20. 1250 வரை 10. 1750 வரை 5. 1950 வரை 2. கடைசி நூறு சுற்றுகளில் ஓர் ஆண்டுதான். ஆகவே கி.மு. 750-இல் கட்டிய கோயில் 50 சுற்றுகளில் இரட்டிப்பாகிறது. கி.பி. 250-இல் கட்டியதற்கு 100 சுற்றுகள் வேண்டும். கி.பி. 750-இல் கட்டியதற்கு 150. கி.பி. 1050-க்குப் பிறகு எழுப்பிய எதுவும், ஷேக்ஸ்பியர் அரங்கமே ஆனாலும், ஆட்டம் முடிவதற்குள் இரட்டிப்பாகவே ஆகாது.

நூறு நகரங்கள் உள்ள ஒரு பேரரசை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு கோயிலும் ஒரு நூலகமும் இருந்தால் சுற்றுக்கு 500 புள்ளிகள். இவை அனைத்தும் கி.பி. 250-இல் முடிந்திருந்தால், 1250 வரையிலான நூறு சுற்றுகளில் 50,000 சேரும், பிறகு சுற்றுக்கு 1,000 வீதம் 50 சுற்றுகளில் மீதி 50,000 வரும், வெற்றி கி.பி. 1500-இல். அதே கட்டடங்கள் கி.மு. 750-இலேயே நின்றிருந்தால் 50 சுற்றுகளில் 25,000, அதன்பின் 75 சுற்றுகளில் 75,000, வெற்றி கி.பி. 1000-இல். ஒரு கல்லும் கூடுதலாக வைக்காமல், முன்கூட்டியே வைத்ததற்காக மட்டும் 75 சுற்றுகளும் ஐந்நூறு ஆண்டுகளும் மிச்சம். நடைமுறையில் நூறு நகரங்களிலும் ஒரே நாளில் கட்டி முடிக்க முடியாது, கணக்கு இவ்வளவு நேர்த்தியாகவும் வராது. ஆனாலும் விகிதம் மாறாது.

இனி மதிப்பெண். மூன்றாம் பாகம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணக்குப் போடுகிறது. எல்லைக்குள் உள்ள கட்டம் ஒன்றுக்கு 1, மகிழ்ச்சியான குடிமகனுக்கு 2, நிறைவோடு இருப்பவருக்கு 1, வயலில் வேலை செய்யாமல் நகருக்குள் சிறப்புப் பணி செய்பவருக்கு 1. அதிருப்தியாளருக்கு ஒன்றுமில்லை. இந்தத் தொகை கடினநிலையின் எண்ணால் பெருக்கப்படும். மிக எளிதான சீஃப்டன் நிலைக்கு 1, ரீஜண்டுக்கு 3, மோனார்க்குக்கு 4, எம்பரருக்கு 5 என்று ஏறும். 2003-இல் வந்த கான்குவெஸ்ட்ஸ் விரிவாக்கத்தில் டெமிகாட், சிட் என்ற இரு நிலைகள் சேர்ந்தபின் உச்சநிலையான சிட்டின் பெருக்கெண் 8. இறுதி மதிப்பெண் என்பது இந்தச் சுற்றுக் கணக்குகளின் சராசரி. அதோடு, 2050-க்கு எவ்வளவு முன்னதாக வென்றாரோ அதற்கேற்ற ஊக்கத்தொகை சேர்க்கப்படும்.

சராசரி என்பதுதான் ஆட்டக்காரர்கள் பலர் கவனிக்கத் தவறும் இடம். 500 கட்டங்கள், 600 மகிழ்ச்சியாளர்கள், 400 நிறைவாளர்கள், 200 சிறப்புப் பணியாளர்கள் உள்ள நாட்டுக்கு மோனார்க் நிலையில் சுற்றுக் கணக்கு 9,200. ஒருவர் பூஜ்யத்திலிருந்து சீராக வளர்ந்து 200-ஆம் சுற்றில் இந்த நிலையை அடைந்து அங்கேயே நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுற்றில் அவருடைய சராசரி 4,600 மட்டுமே. 300-ஆம் சுற்றில் அது 6,100-ஐத் தாண்டும். 540-ஆம் சுற்றில் 7,500-ஐ நெருங்கும். அதே உச்சத்தை 150-ஆம் சுற்றிலேயே அடைந்தவருக்கு 300-ஆம் சுற்றில் 6,900 இருக்கும். முன்கூட்டியே பெருகியவருக்குப் பலன் கடைசிவரை தொடர்கிறது. கட்டடத்தின் ஆயிரம் ஆண்டு விதியும் மதிப்பெண்ணின் சராசரி விதியும் இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரே திசையில் இழுக்கின்றன.

மற்ற இடங்களில் அவை பிரிந்து போகின்றன. ஒற்றை நகர வெற்றியில் இது நன்றாகத் தெரியும். 20,000 புள்ளிக்கு ஆடுபவர் எல்லா அதிசயங்களையும் ஒரே நகரில் குவிக்கிறார். ஒரு நகரில் ஒரு கோயிலும் ஒரு நூலகமும்தான் கட்ட முடியும் என்பதால் அதற்கு மேல் அதிசயங்களைத் தவிர வேறு வழியில்லை. உற்பத்தியை எண்ணும் அலகு கேடயம். பிரமிடுகளுக்கு 400 கேடயங்கள்; கிடைப்பது 4 புள்ளி; புள்ளிக்கு 100 கேடயம். கோயிலுக்கு 60 கேடயம், புள்ளிக்கு 30. நூலகத்துக்கு 80 கேடயம், புள்ளிக்கு 27-க்கும் குறைவு. பல்கலைக்கழகம் 200 கேடயம், புள்ளிக்கு 50. பேராலயம் 160, புள்ளிக்கு 53-க்குச் சற்று மேல். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒற்றை நகர வழி எவ்வளவு செலவானது என்பது விளங்கும். அதைவிடப் பெரிய குறை, அந்த நகரம் எவ்வளவு ஒளிர்ந்தாலும் கட்டங்களோ குடிமக்களோ கூடுவதில்லை என்பது. பத்துப் பதினைந்து நகரங்களோடு அமைதியாக ஆடி 20,000-ஐ எட்டியவரின் ஆட்டம் பார்க்க அழகானது; மதிப்பெண் பட்டியலில் அது கீழேதான் நிற்கும்.

1,00,000 வழி அப்படியல்ல. நிலமும் மக்களும் அதற்கும் தேவை, மதிப்பெண்ணுக்கும் தேவை. உயர் மதிப்பெண் பண்பாட்டு வெற்றி என்று பேசப்படுவதெல்லாம் ஏறத்தாழ இந்த வழிதான். அதன் முதல் கட்டம் பண்பாட்டோடு சம்பந்தமே இல்லாதது: குடியேற்றமும் போரும். அருகிலுள்ள நாடுகளைத் தொடக்கத்திலேயே விழுங்கிவிடுவது வழக்கம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிரி ஒருவர் நம் பண்பாட்டில் பாதிக்கு மேல் வைத்திருந்தால் லட்சம் தாண்டியும் வெற்றி வராது. அவரை ஒடுக்கப் படைதான் வேண்டும். ஆனால் பிடித்த நகரத்தில் எதிரி கட்டிய அதிசயம் அதன் மற்றப் பயன்களைத் தந்தாலும், பிடித்தவருக்குப் பண்பாட்டுப் புள்ளி தராது. கோயிலை அங்கே புதிதாகத்தான் எழுப்ப வேண்டும்.

நகரங்களை எவ்வளவு நெருக்கமாக அமைப்பது என்பது இரண்டாவது கேள்வி. ஒரு நகரம் அதிகபட்சம் 21 கட்டங்களில் வேலை செய்யலாம். ஆனால் நீர்க்கால்வாய் இல்லாமல் 6 பேருக்கு மேல் வளராது, மருத்துவமனை இல்லாமல் 12-க்கு மேல் வளராது. நன்னீர்க் கரையில் உள்ள நகரத்துக்கு மட்டும் கால்வாய் வேண்டாம். எனவே பாதி ஆட்டம் முழுவதும் பெரும்பாலான கட்டங்கள் சும்மா கிடக்கும். இரண்டு மூன்று கட்டங்களுக்கு ஒரு நகரம் என்று அடைத்து வைத்தால் அதே நிலத்தில் இரண்டு மடங்கு கோயில்கள் நிற்கும், கால்வாய்ச் செலவும் மிஞ்சும். பின்னாளில் மருத்துவமனைகள் வரும்போது பெரிய நகரங்கள் ஆகாதே என்ற குறை உண்டுதான். ஆனால் உணவு மொத்தத்தில் ஒன்றே என்பதால் குடிமக்களின் தொகை பெரிதாகக் குறைவதில்லை. அடர்த்தியின் முக்கிய நன்மை வேறு: நிலப்பரப்பைக் கூட்டாமல் பண்பாட்டைக் கூட்ட அது ஒன்றுதான் வழி.

நிலப்பரப்பைக் கூட்டக் கூடாது என்பதற்குக் காரணம் ஆதிக்க வெற்றி. உலக நிலத்தில் 66 விழுக்காடும் மக்கள்தொகையில் 66 விழுக்காடும் ஒருவர் கைக்கு வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். பதிவேட்டில் அது பண்பாட்டு வெற்றியாக இராது. மதிப்பெண்ணுக்கோ நிலம் கூடக் கூட நல்லது. ஆகவே கைதேர்ந்தவர்கள் அந்த வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறார்கள். பண்பாடே இங்கே காலை வாரிவிடும். நகரத்தின் பண்பாடு 10, 100, 1,000, 10,000 என்று படியேறும்போதெல்லாம் அதன் எல்லை தானாக விரியும். நூறு கோயில்களை ஒரே காலத்தில் எழுப்பியவரின் எல்லைகள் ஒரே காலத்தில் விரியும். எண்ணிப் பார்க்காதவர் ஒரு சுற்று முடிவில் விரும்பாத ஆதிக்க வெற்றியோடு வெளியே வந்துவிடுவார். இதைத் தவிர்க்க எல்லையோர ஊர்களில் கோயில் கட்டாமல் விடுவதும், தேவையற்ற ஊரைக் கைவிடுவதும், வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஆதிக்க வெற்றியை அணைத்துவைக்கவும் இடம் உண்டு. அப்படிச் செய்தால் இந்தச் சிக்கலும் இல்லை, ஆட்டத்தின் சுவையில் பாதியும் இல்லை.

கட்டுவதற்கான பொருள் எங்கிருந்து வரும்? தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களின் உற்பத்தியை ஊழல் தின்றுவிடும்; சுற்றுக்கு ஒரு கேடயம்தான் மிஞ்சும். அந்த வேகத்தில் கோயிலுக்கு 60 சுற்றுகள் ஆகும். பணம் கொடுத்து முடிப்பதுதான் ஒரே வழி. கேடயத்துக்கு 4 பொன். ஆனால் ஒரு கேடயமும் சேராத நிலையில் வாங்கினால் இரட்டை விலை. புதிய ஊரில் அன்றே கோயில் வாங்கினால் 480 பொன், ஒரு சுற்று பொறுத்து வாங்கினால் 236. சர்வாதிகார, பொதுவுடைமை ஆட்சிகளில் பொன்னுக்குப் பதிலாகக் குடிமக்களைப் பலியிட்டுக் கட்டலாம்: ஒரு தலைக்கு 20 கேடயம், ஒரு கோயிலுக்கு மூன்று தலை. பண்பாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது மலிவு. மதிப்பெண்ணைப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தலையும் சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ புள்ளி. போதாததற்கு, எஞ்சியவர்களின் அதிருப்தி நீண்ட காலம் நிற்கும். இந்த இடத்தில் முடியாட்சியோ குடியரசோ சிறந்தது என்பதே ஏற்கத்தக்க முடிவு.

நாட்டின் தேர்வும் விலையைத் தீர்மானிக்கிறது. சமயப் பண்புள்ள நாடுகளுக்குக் கோயிலும் பேராலயமும் பாதி விலை. அறிவியல் பண்புள்ளவற்றுக்கு நூலகமும் பல்கலைக்கழகமும் பாதி விலை. இரண்டு பண்பும் சேர்ந்த நாடு பாபிலோன். அங்கே கோயிலுக்கு 30 கேடயம், நூலகத்துக்கு 40. பண்பாட்டுப் புள்ளி ஒன்றின் விலை 15-க்குள் இறங்கிவிடுகிறது. வேளாண்மையிலோ போரிலோ வேறு நாடுகள் பாபிலோனை மிஞ்சலாம். இந்த ஒரு வேலைக்கு அதற்கு நிகர் சொல்வது கடினம்.

மகிழ்ச்சியான குடிமகனுக்கு நிறைவானவரைப் போல் இரு மடங்கு என்பதால் ஆடம்பரப் பொருள்கள் மதிப்பெண்ணின் முதுகெலும்பு. உலகில் எட்டு வகை ஆடம்பரப் பொருள்கள் உண்டு. எட்டும் கையில் இருந்தால் நகரத்துக்கு எட்டு மகிழ்முகங்கள். நகரில் சந்தை இருந்தால் பொருள்கள் கூடக் கூட அவற்றின் பலன் பெருகி 20 மகிழ்முகங்களாகும். அதாவது 12 பேர் வாழும் நகரம் முழுவதுமே மகிழ்ச்சியில் இருக்கும். சந்தைக்குப் பண்பாட்டுப் புள்ளி கிடையாது. பண்பாட்டு ஆட்டக்காரர் அதைத் தள்ளிப்போடுவதும், மதிப்பெண் ஆட்டக்காரர் அதை முதலில் வைப்பதும் இதனால்தான். இரண்டையும் ஒருசேரத் தேடுபவர் கோயில், நூலகம், சந்தை என்ற வரிசையில் நிற்பது நியாயம். பேராலயமும் பல்கலைக்கழகமும் பெரிய நகரங்களோடு நின்றால் போதும்.

எப்போது வெல்வது என்பதே எஞ்சும் கேள்வி. மூன்றாம் பாகத்தில் லட்சத்தைத் தொட்டதும் வெற்றி தானாக வந்துவிடும். ஆட்டக்காரர் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஆகவே கட்டும் வேகமே வெல்லும் நாளைக் குறிக்கிறது. விரைந்து வென்றால் ஊக்கத்தொகை அதிகம், சராசரி குறைவு. தாமதித்தால் சராசரி ஏறும், ஊக்கத்தொகை தேயும். வெற்றியைத் தள்ளிப்போட்டு மக்கள்தொகையைப் பெருக்கியபடியே 2050 வரை நகர்வதை ஆட்டக்காரர்கள் மில்க்கிங் என்கிறார்கள். மிகப் பெரிய மதிப்பெண்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் 2050-இல் முடியும் ஆட்டம் மதிப்பெண்ணால் வந்த வெற்றியாகப் பதிவாகும், பண்பாட்டால் வந்ததாக அல்ல. பண்பாட்டு வெற்றியாகவே முடிக்க விரும்புபவர் நூலகங்களை நிறுத்திவைத்து, கோயில்களோடு காலம் ஓட்டி, கடைசி நூற்றாண்டில் லட்சத்தைத் தொட வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான ஊர்களை ஒவ்வொரு சுற்றும் கவனிக்கும் உழைப்பை எண்ணினால் இது பொழுதுபோக்கின் எல்லையைத் தாண்டிய வேலை. சிறிய வரைபடமும் கீழ்க் கடினநிலையும் உள்ள ஆட்டங்களில் தாமதத்தால் வரும் லாபம் அந்த உழைப்புக்கு ஈடாகாது. அங்கே விரைந்து முடிப்பதே சரி.

2005-இல் வந்த நான்காம் பாகம், சோரன் ஜான்சன் தலைமையில் உருவானது, கணக்கை மாற்றியது. பேரரசின் கூட்டுத்தொகை போய், மூன்று நகரங்கள் தலா 50,000 புள்ளிகளை எட்டுவது என்ற விதி வந்தது. இது வழக்கமான வேகத்துக்கு. விரைவு ஆட்டத்தில் 25,000, மாரத்தான் ஆட்டத்தில் 1,50,000. பெருக்கிகள் இங்கே முக்கியம்: பேராலயம் ஒவ்வொன்றும் 50 விழுக்காடு கூட்டும், ஹெர்மிட்டேஜ் 100 விழுக்காடு, பேச்சுரிமைக் கொள்கை 100 விழுக்காடு. நடுத்தர வரைபடத்தில் ஒரு பேராலயத்துக்கு மூன்று கோயில்கள் வேண்டும் என்பதால் மூன்று நகரங்களுக்கும் பேராலயம் எழுப்ப ஒன்பது நகரங்கள் தேவை. ஒன்பதே போதும் என்பதும் அதே கணக்குதான். பெருங்கலைஞர் ஒருவர் தம் படைப்பால் ஒரே மூச்சில் 4,000 புள்ளி தருவார். மதிப்பெண்ணோ மக்கள், நிலம், தொழில்நுட்பம், அதிசயம் என்ற நான்கையும் 5:2:2:1 என்ற எடையில் அளக்கிறது. பாதி எடை மக்களுக்கு. ஒன்பது நகரங்களோடு அமைதியாக வெல்பவரைவிட, முப்பது நகரங்கள் வைத்துக்கொண்டு அவற்றில் மூன்றை மட்டும் மெருகேற்றுபவர் மேலே போவது இயல்பு. முன்னதாக வெல்வதற்கு இங்கும் மிகுந்த பலன் உண்டு. இறுதிப் பட்டியலின் உச்சியில் அகஸ்டஸ் சீசரும் அடியில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டான் குவேலும் நிற்கும் பழைய கேலியும் தொடர்ந்தது.

ஐந்தாம் பாகம் (2010) தொடக்கத்தில் சிறிய நாடுகளின் பக்கம் சாய்ந்தது. ஐந்து சமூகக் கொள்கை மரங்களை நிறைவுசெய்து உட்டோப்பியத் திட்டத்தைக் கட்டினால் வெற்றி. ஆனால் நகரம் கூடக் கூடக் கொள்கையின் விலை ஏறியதால் மூன்று நான்கு நகரங்களே உகந்தவை. மதிப்பெண்ணோடு இதைச் சேர்த்துப் பார்க்க இடமே இல்லாமல் போனது. 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கம் அந்த முறையை நீக்கிச் சுற்றுலாவைக் கொண்டுவந்தது. நாம் ஈர்த்த சுற்றுலா ஒவ்வொரு நாட்டின் மொத்தப் பண்பாட்டையும் மிஞ்ச வேண்டும். ஆறாம் பாகம் (2016) இதை ஆட்களின் எண்ணிக்கையாக்கியது. ஒரு நாடு சேர்க்கும் ஒவ்வொரு 100 பண்பாட்டுக்கும் ஓர் உள்நாட்டுப் பயணி. வெல்பவருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் மற்ற எந்த நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும்விட அதிகம் இருக்க வேண்டும். எதிரி வலுவாக இருந்தால் வெற்றி தள்ளிப்போகும். அவர் நகரங்களைப் பிடிப்பது இங்கும் உதவும். ஆறாம் பாகத்தில் மதிப்பெண் ஓரளவு பண்பாட்டின் பக்கம் வந்துவிட்டது: ஓர் அதிசயத்துக்கு 15 புள்ளி என்பது சாதாரணமல்ல. 2025-இல் வெளியான ஏழாம் பாகம் தொல்பொருள்களைத் திரட்டி உலகக் கண்காட்சி நடத்துவதைப் பண்பாட்டு வழியாக்கியது. தமிழ் வாசகருக்கு அதில் வேறொரு சுவை: சோழர்கள் ஆடத்தக்க நாடாகவும் தஞ்சைப் பெரிய கோயில் கட்டத்தக்க அதிசயமாகவும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

பாகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பண்பாட்டையும் மதிப்பெண்ணையும் ஒரே ஆட்டத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோகும் முயற்சிக்கு இன்றும் பொருத்தமான களம் மூன்றாம் பாகம்தான். அதில் இறங்குபவர் பாபிலோனைத் தேர்ந்து, தம்மால் தாங்க முடிந்த மிக உயர்ந்த கடினநிலையில், ஒற்றை நகர வழியை மறந்துவிட்டு, கி.மு. 750-க்குள் எத்தனை கோயில்களை எழுப்ப முடியுமோ அத்தனையையும் எழுப்பிவிட வேண்டும்.